ஹெப்டன் எடுத்த வைக்கோல்

எங்கள் வைட்பேக் ஊரில் பால் லாரி ஓட்டிக்கொண்டிருந்த சிரில் ஹெப்டனைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்வார்கள். இங்கிலீஷ்காரன், நல்லவன், குடித்தால் பாடித் தொலைப்பான் என்பது ஒரு விதம். அல்மா வீட்டு வாசலில் கிடந்த சாவு வைக்கோலை எடுத்த பாவி என்பது இன்னொரு விதம். இப்படிப் பேசுகிறவர்களில் பாதிப் பேர் அன்றைக்குப் பிறந்திருக்கவே இல்லை. நான் இருந்தேன். நாற்சந்தி நடுவில் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அதனால் என் வாயால் கேளுங்கள்.

இந்த ஊரில் அவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். பக்கத்து வீட்டு அல்மா ஒருநாளாவது அவன் வணக்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். முப்பது வருஷமாக, காலையில் லாரியைக் கிளப்பும் முன் தொப்பியைத் தொட்டு, "வணக்கம் அல்மா" என்பான். அவள் வாசலைக் கழுவிக்கொண்டிருப்பாள். தலையைத் தூக்க மாட்டாள். சில நாள் வாளித் தண்ணீர் அவன் பூட்ஸைக் கழுவிவிட்டுப் போகும். தற்செயலாகப் பட்டது என்பான் அவன். மண்ணாங்கட்டி. அவள் குறி பார்த்து ஊற்றுவதை நான் என் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன்.

நாற்சந்தி மதுக்கடை என்னுடையது. லியோனி கடை என்றால் யாரும் காட்டுவார்கள். முதல் உலகச் சண்டையின்போது அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு இங்கிலாந்துக்கு ஓடினாள். சண்டை முடியும்வரை அங்கே ஒரு மில் தெருவில் வளர்ந்தேன். அதனால் எனக்கு இங்கிலீஷ் வரும். தெருப் பிள்ளைகளிடம் கற்றதாகையால் அதில் பாதி கெட்ட வார்த்தை. ஹெப்டனும் அதே மாதிரி ஒரு மில் ஊர்க்காரன். சண்டைக்கு முன்னால் பஸ் கண்டக்டர். நான் வாயைத் திறந்ததுமே அவனுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது.

1944 செப்டம்பரில் எங்கள் ஊருக்கு விடுதலை வந்தது. காலையில் டாங்கிகள் வந்தன. கோயில் மணி அடித்தது, பெண்கள் டாங்கிமேல் ஏறி முத்தம் கொடுத்தார்கள், நான் பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்து தெருவிலேயே உடைத்தேன். மத்தியானத்துக்குள் டாங்கிகள் எல்லாம் வடக்கே போய்விட்டன. அப்புறம் ஒரே ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. ஓட்டி வந்தவன் சிவப்புத் தொப்பி போட்ட ராணுவப் போலீஸ்காரன், இந்த ஹெப்டன்தான். பக்கவாட்டுப் பெட்டியில் ஆள் இல்லை. ரத்தம் ஊறிய கம்பளி ஒன்று கிடந்தது.

"இதுல இருந்தவர் எங்க?" என்று கேட்டேன்.

"பக்கத்து ஊர்ல" என்றான். "ரோட்டோரமா வைக்கோல் கெடந்துச்சு. என் கூட்டாளி மோட் அத காலால தள்ளிவிட்டான். அடியில கண்ணிவெடி. இடுப்புக்குக் கீழ ஒண்ணும் இல்ல. பேசிக்கிட்டே இருந்தான், பாவி, அரை மணி நேரம் பேசினான்." பிறகு கையைக் கழுவத் தண்ணீர் கேட்டான். வாளித் தண்ணீர் சிவந்துபோனது. இன்னொரு வாளி கொடுத்தேன்.

சண்டை போடுகிறவர்கள் ஊரைப் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். பிடித்த ஊரை மேய்ப்பது இவன் வேலை. இரண்டாவது ஆள் வரும்வரை தனியாக மேய்க்க வேண்டும். கம்பத்தில் அம்புக்குறி அடித்தான். கண்ணிவெடி வைத்த வீடுகளின் கதவில் சுண்ணாம்பால் மண்டையோடு வரைந்தான். பொழுது சாய்ந்ததும் கடையை மூடு என்றான். நான்கு வருஷம் ஜெர்மன்காரன் மூடச் சொன்னான், இப்போது நீயா என்று அவன் அம்மாவையே இழுத்துத் திட்டினேன். "எங்கம்மாவும் இப்படித்தான் பேசும்" என்று சொல்லிவிட்டுப் பூட்டைத் தானே மாட்டினான்.

அன்று மாலை, தலைமேல் கை வைத்த ஜெர்மன் கைதிகளைச் சிப்பாய்கள் எங்கள் தெரு வழியாக ஓட்டிவந்தார்கள். சணல் கொட்டகையில் அடைக்க வேண்டும். தண்ணீர்க் குழாய் அருகே ஊரே காத்திருந்தது. முன்னால் நின்றவள் எமெரான்ஸ். அவளுடைய ஒரே மகனைப் போன வாரம்தான் ஜெர்மன்காரர்கள் செங்கல் சூளைச் சுவரில் நிறுத்திச் சுட்டிருந்தார்கள். மரச்செருப்பைக் கழற்றினாள், முதல் கைதியின் முகத்தில் அடித்தாள். மூக்கு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. மறுபடி அடித்தாள், மறுபடி அடித்தாள். அந்தப் பையன் கையைத் தலையிலிருந்து எடுக்கவே இல்லை. எடுத்தால் சுட்டுவிடுவார்கள் என்று பயம். பல்லெல்லாம் தெருவில் சிதறியது.

அவளைப் பார்த்து மற்றவர்களுக்கும் தைரியம் வந்துவிட்டது. மாட்டு வியாபாரி ஓடீல் ஒரு வண்டி நுகத்தடியைத் தூக்கிக்கொண்டு வந்தான். இந்த ஓடீல் நான்கு வருஷம் ஜெர்மன் சமையற்கட்டுக்கு மாடு வெட்டிக் கொடுத்துத் தொப்பை வளர்த்தவன். அன்று காலை ஜெர்மன்காரனை மறைந்திருந்து எதிர்த்த படைக்காரர்களின் வெள்ளைப் பட்டையைக் கையில் கட்டிக்கொண்டான். அவன் மனைவியின் உள்பாவாடையில் கிழித்தது அது. சரிகை ஓரம்கூட அப்படியே இருந்தது.

ஹெப்டன் குறுக்கே பாய்ந்தான். நுகத்தடி அவன் தோளில் விழுந்தது. ஹெப்டன் தன் போலீஸ் தடியால் ஓடீலின் வயிற்றில் ஒரு குத்து விட்டான், தின்ற மாடெல்லாம் வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்தான் ஓடீல்.

"சொல்லு இவங்ககிட்ட" என்று என்னிடம் கத்தினான் ஹெப்டன். "கையத் தூக்கினவன எவனும் தொடக் கூடாது. இவன் என் கைதி. அடிக்கணும்னா மொதல்ல என்ன அடிக்கட்டும்."

நான் மொழிபெயர்த்தேன். ஓடீலுக்காகக் கொஞ்சம் சேர்த்தும் சொன்னேன். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டு விலகியது. எமெரான்ஸ் மட்டும் ரத்தம் சொட்டும் செருப்போடு நின்றாள். "இவனுக்கு அம்மா இருக்காளா?" என்று கேட்டாள். அந்தக் கைதிக்குப் புரியவில்லை. அவள் செருப்பை அங்கேயே போட்டுவிட்டு ஒற்றைக் காலில் செருப்போடு வீட்டுக்குப் போனாள்.

கைதிகளோடு ஹெப்டன் கொட்டகைக்குப் போனதும் கூட்டத்துக்குக் கை அரித்தது. ஜெர்மன்காரனோடு படுத்தவர்கள் என்று இரண்டு பெண்களைச் சந்தைத் திடலுக்கு இழுத்து வந்தார்கள். ஆட்டு ரோமம் வெட்டும் கத்தரியால் தலையை மழித்தார்கள். மழித்தார்கள் என்று சொல்வதே மரியாதை, தோலோடு பிய்த்தார்கள். நெற்றியில் தார் பூசினார்கள். ஒருத்தியை ரவிக்கை கிழித்து ஓட விட்டார்கள். விடுதலை என்று காலையில் நான் உடைத்த பீப்பாய்க்காக வருத்தப்பட்டேன்.

மூன்றாவது அல்மா. நாற்சந்தியிலிருந்து இடப்பக்கம் திரும்பினால் இரண்டாவது வீடு அவளுடையது. ஜெர்மன் பட்டாளத்துக் குமாஸ்தா ஒருவன் அவள் வீட்டில் தங்கியிருந்தான். அவள் அவனை விரும்பினாள். அது பொய்யில்லை, நான் மூடி மறைக்கவும் மாட்டேன். ஆனால் கூட்டம் அங்கே போய்ச் சேர்ந்தபோது வாசலில் வைக்கோல் கிடந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் வாசலுக்கு நேரே தெருவில் வைக்கோலைச் சிலுவையாகப் போட்டு, செங்கல் வைத்து அழுத்துவோம். பிள்ளை பெற்றவர்களுக்கு நான்கு செங்கல். கல்யாணமாகாதவர்களுக்கு இரண்டு. பக்கத்து வீட்டுக்காரர்தான் போட வேண்டும், அடக்கம் முடிந்தபின் அவரேதான் எடுக்க வேண்டும். அதுவரை கடன்காரனோ அமீனாவோ பகையாளியோ யாரும் அந்த வைக்கோலைத் தாண்ட மாட்டார்கள். அல்மாவின் அம்மா ஒக்தாவி அன்று மத்தியான மணி கோயிலில் அடித்துக்கொண்டிருக்கும்போதே போய்ச் சேர்ந்திருந்தாள். பக்கத்து வீடு நான். வைக்கோல் போட்டதும் நான்தான்.

கூட்டம் நின்றது. கத்தரி வைத்திருந்தவன்கூடத் தொப்பியைக் கழற்றினான். ஓடீல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வைக்கோல் ஓரம் வரை வந்தான்.

"கெழவிக்காக விடறோம்டி அல்மா!" என்று மாடியைப் பார்த்துக் கத்தினான். "அடக்கம் ஆவட்டும். வைக்கோல எடுத்த மறுநிமிஷம் நீ எங்க கையில."

அடக்கம் நாளை மறுநாள். பிணப்பெட்டிக்குப் பின்னால் அல்மா கோயிலுக்கு நடந்து போவாள், அங்கிருந்து பக்கக் கதவு வழியாகக் கன்னிமடத்துக்குள் போய்விடுவாள். பாதிரியாரும் நானும் அப்படிப் பேசி வைத்திருந்தோம். அதுவரை அந்த வைக்கோல் கிடந்தால் போதும்.

மறுநாள் காலை பெரிய லாரி வரிசை வருகிறது என்று ஹெப்டனுக்குச் செய்தி. வடக்கே சண்டையில் இருப்பவர்களுக்குக் குண்டும் பெட்ரோலும் கொண்டுபோகிற லாரிகள். நேராகப் போனால் கால்வாய். பாலத்தை ஜெர்மன்காரர்கள் தகர்த்திருந்தார்கள், கரை முழுக்கக் கண்ணிவெடி. இடப்பக்கம், அல்மா வீட்டைக் கடந்து போனால்தான் புதிதாகப் போட்ட இரும்புப் பாலம். அதனால் நாற்சந்தியில் ஒரு ஆள் நின்று ஒவ்வொரு லாரியையும் இடப்பக்கம் திருப்ப வேண்டும். என் பீர்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறினான் ஹெப்டன். நான் காலிப் பீப்பாய்களைப் பார்க்க நிலவறைக்குப் போனேன்.

அப்போதுதான் அது நடந்தது. வரிசையின் முதல் லாரி முனையில் தெரிந்த நேரம். ராத்திரி கொட்டகைக் காவலில் இருந்த ஹெப்டன் அப்போதுதான் தெருவை ஒழுங்காகப் பார்த்தான். இடப்பக்கத் தெருவில், லாரிச் சக்கரம் ஏறுகிற இடத்தில், வைக்கோல். மேலே செங்கல், யாரோ ஒழுங்காக அடுக்கிய மாதிரி. முந்தின நாள் மோட் தள்ளிவிட்டதும் வைக்கோல்தானே? அவன் விசில் ஊதி லாரியை நிறுத்தினான். கயிற்று நுனியில் கொக்கி கட்டி வைக்கோல் மேல் வீசினான், என் வீட்டுச் சுவருக்குப் பின்னால் படுத்துக்கொண்டு இழுத்தான். செங்கற்கள் உருண்டன. வெடிக்கவில்லை. எழுந்து போய் மிச்சத்தைக் காலால் சாக்கடைக்குத் தள்ளினான், தெரு சுத்தம் என்று லாரிக்குக் கை காட்டினான்.

யோசித்துப் பார்த்தால் அவன் வேலையை அவன் சரியாகத்தான் செய்தான். எரிச்சலே அதுதான்.

எதிர்வாடையில் நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள். சிவப்புத் தொப்பி போட்ட பட்டாளத்துப் போலீஸ் சாவு வைக்கோலை எடுத்துவிட்டது. ஓடீல் சும்மா இருப்பானா? "எடுத்தாச்சு! இங்கிலீஷ்காரனே எடுத்துட்டான்! அவங்களே உத்தரவு குடுத்துட்டாங்க!" என்று அடித்தொண்டையில் கத்தினான். நான் நிலவறைப் படியேறி வருவதற்குள் அல்மா வீட்டுக் கதவைக் கோடாலியால் பிளந்துகொண்டிருந்தார்கள்.

நான் ஓடிப்போய் ஹெப்டனின் கையைப் பிடித்து உலுக்கினேன். "என்னய்யா பண்ணி வச்சிருக்க? அது சாவு வீட்டு வைக்கோல்! உள்ள பொணம் கெடக்கு! அது இருந்தவரைக்கும் அவள எவனும் தொடல. நீ எடுத்துட்ட, இப்ப கொல்லப்போறாங்க!"

அவன் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. சந்தியை விட்டுப் போனால் அவனுக்குப் பட்டாளத்துக் கோர்ட்டு. நிறுத்தி வைத்தால் வரிசை முழுக்கத் திறந்த ரோட்டில் ஜெர்மன் குண்டுக்கு வாகாக நிற்கும். விட்டுவிட்டுப் போனால் நேரே கண்ணிவெடிக்குப் போவார்கள். மாடியில் அல்மா அலறினாள்.

அவன் தன் வெள்ளைக் கையுறையைக் கழற்றி என் கையில் மாட்டினான். முழங்கை வரை வந்தது. என் இடுப்பைப் பிடித்துத் தூக்கிப் பெட்டிமேல் நிறுத்தினான்.

"இடது கை. நேரா நீட்டு. எது நடந்தாலும் எறக்காத. என்ன கேட்டாலும் திரும்பாத. நீ திரும்பினா அவங்க நேரா போயிடுவாங்க."

போய்விட்டான். நான் நின்றேன். மாவுக்கறை படிந்த மேலாடையோடு, கையில் பட்டாளத்துக் கையுறையோடு. ஒவ்வொரு லாரிக்காரனும் என்னைப் பார்த்துப் பல்லிளித்தான், இடப்பக்கம் திரும்பினான். ஜீப்பில் வந்த அதிகாரி ஒருத்தர் யோசிக்காமல் சல்யூட் அடித்துவிட்டு, அப்புறம் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

கடைக்கண்ணில் தெரிந்ததையும் காதில் விழுந்ததையும்தான் சொல்ல முடியும். மாடி ஜன்னல் கண்ணாடி தெருவில் கொட்டியது. கனமான ஏதோ தரையில் விழுந்தது. "கெழவி! கெழவிய மிதிக்காதீங்கடா!" என்று ஒரு பெண் குரல் கத்தியது. பிணத்தைக் கட்டிலோடு கவிழ்த்திருக்கிறார்கள். அல்மா கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாளாம். விரலைப் பூட்ஸால் மிதித்து எடுத்திருக்கிறார்கள். அவளைக் காலைப் பிடித்து மாடிப்படியில் இழுத்து வந்தார்கள். ஒவ்வொரு படியிலும் தலை மோதும் சத்தம் லாரி உறுமலுக்கு நடுவிலும் கேட்டது. கையை இறக்கவில்லை. அழுதுகொண்டே, நான் கற்ற இங்கிலீஷ் கெட்ட வார்த்தை முழுவதையும் வானத்தைப் பார்த்துச் சொன்னேன்.

ஹெப்டன் வாசலிலேயே அவர்களை மறித்தான். கத்தரிக்காரனின் மணிக்கட்டை அடித்து முறித்தான். அல்மாவின் பாதித் தலைமயிர் அதற்குள் போயிருந்தது, காதும் கிழிந்து தொங்கியது. ஓடீல் சட்டைக்குள்ளிருந்து ஜெர்மன் கைத்துப்பாக்கியை எடுத்தான். எங்கே பொறுக்கினானோ. முதல் குண்டு ஹெப்டனின் இடது கைச் சதையைப் பிய்த்துக்கொண்டு கதவுச் சட்டத்தில் ஏறியது. இரண்டாவதுக்கு ஹெப்டன் விடவில்லை. தடியால் அவன் தாடையில் வீசினான். தாடை பக்கவாட்டில் போய்விட்டது. அதன்பின் சாகும்வரை ஓடீல் கஞ்சிதான் குடித்தான். அதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.

ஆனால் கூட்டம் பெரிது. வீட்டுக்குள்ளும் ஆட்கள், தெருவிலும் ஆட்கள். ஹெப்டன் அல்மாவைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஓடும் இரண்டு லாரிகளுக்கு நடுவில் புகுந்து என் பெட்டிக்கு வந்தான். அவளை என் காலடியில் கிடத்தினான். லாரிகள் எங்களைச் சுற்றித் திரும்பிக்கொண்டே இருந்தன. அந்தச் சக்கரங்களைத் தாண்டி எவனாலும் வர முடியவில்லை. எதிர்வாடையிலிருந்து கல் எறிந்தார்கள். ஒன்று என் முதுகில் பட்டது. ஹெப்டன் என்னை இறக்கிவிட்டுக் கையுறையை வாங்கப் பார்த்தான். இடது கை எழும்பவில்லை.

"நீயே நில்லு" என்றான். "நல்லாத்தான் நிக்கற."

அல்மா மல்லாந்து கிடந்தாள். ஒரு கண் வீங்கி மூடிவிட்டது. திறந்திருந்த கண்ணால் என் நீட்டிய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வைக்கோல யாரு எடுத்தது?" என்று கேட்டாள். ஹெப்டனுக்குக் கேள்வி எப்படியோ புரிந்துவிட்டது. தன் மார்பைத் தொட்டுக் காட்டினான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வரிசை எப்போதாவது முடியத்தானே வேண்டும். மத்தியானம் தாண்டிக் கடைசி லாரி திரும்பியது. திடீரென்று சத்தமே இல்லை. எதிர்வாடையிலிருந்து கூட்டம் மெதுவாகத் தெருவில் இறங்கியது.

"எத்தன கல்லு?" என்று கேட்டான் ஹெப்டன்.

"என்னது?"

"வைக்கோல் மேல. எத்தன செங்கல்லு வைக்கணும்?"

"நாலு" என்றேன். "ஆனா ஒருதரம் எடுத்தா எடுத்ததுதான்யா. ஒத்துக்க மாட்டாங்க."

அவன் அல்மாவை எடுத்துக்கொண்டு போய் உடைந்த கதவுக்குள் உட்கார வைத்தான். சாக்கடையில் இறங்கி வைக்கோலை அள்ளினான். எண்ணெயும் சேறும் சொட்டியது. தெருவில் சிலுவையாகப் பரப்பினான். பின் செங்கலுக்குப் போனான். ஒரு கைதான் வேலை செய்தது, அந்தக் கையில் செங்கல். இடுப்பில் துப்பாக்கி தொங்கியது, அதைத் தொடவில்லை. முதல் செங்கலை வைக்கும்போது ஒரு கல் அவன் வாயில் பட்டது. இரண்டு பல்லைத் துப்பினான். இரண்டாவது செங்கலுக்கு நெற்றி கிழிந்தது. மூன்றாவதை மண்டியிட்டுத்தான் கொண்டுவந்தான். கண்ணில் ரத்தம் இறங்கி, நான்காவது எங்கே கிடக்கிறது என்று தடவித் தேடினான்.

நான் ஓடினேன். எனக்கு முன்னால் எமெரான்ஸ் போய்விட்டாள். அன்றைக்கும் ஒற்றைச் செருப்புதான். செங்கலை எடுத்தாள். எல்லோரும் அவள் அவன் மண்டையில் போடப்போகிறாள் என்றே நினைத்தோம். அவள் வைக்கோல் மேல் நான்காவது மூலையில் அதை வைத்தாள்.

"ஒக்தாவிக்காக" என்றாள் கூட்டத்தைப் பார்த்து. "அந்தச் சிறுக்கிக்காக இல்ல. எம்புள்ளைக்கு வைக்கோல் போட விடல ஜெர்மன்காரன். இத எவன் தாண்டறான்னு பாக்கறேன்."

ஒருவரும் தாண்டவில்லை. அடக்கம் முடியும்வரை ஹெப்டன் அந்த வைக்கோல் பக்கத்திலேயே நின்றான். அல்மா பிணப்பெட்டிக்குப் பின்னால் தலையில் துணி கட்டிக்கொண்டு நடந்து போனாள், கன்னிமடத்தில் மறைந்தாள். அப்புறம் அவள்மேல் வழக்கு நடந்தது, ஒரு வருஷம் உள்ளே இருந்துவிட்டு வந்தாள். சல்யூட் அடித்த அதிகாரி போய்ச் சொல்லிவிட்டார். சந்தியை விட்டுப் போன குற்றத்துக்கு ஹெப்டனின் கைப்பட்டையைப் பிடுங்கிப் பதவியைக் குறைத்துவிட்டார்கள்.

சண்டை முடிந்த மறுவருஷம் ஒரு பெட்டியோடு என் கடை வாசலில் வந்து நின்றான். ஏன் வந்தாய் என்று கேட்டேன். "ஊர்ல தூங்க முடியல" என்றான். என் மாடியில் தங்கினான், பால் பண்ணையில் லாரி ஓட்டினான். எனக்கு அவன்மேல் ஆசை இருந்தது. சொன்னேன். தொப்பியைச் சுழற்றிக்கொண்டே நின்றான். அல்மா வீட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த வீடு காலியானதும் அதை வாங்கிக் குடிபோனான். நானும் விட்டுவிட்டேன். பீர் மட்டும் வழக்கம்போல ஊற்றினேன்.

"கொன்னவனா நீ? காப்பாத்தினவன்யா. ஏன் இப்படி அவகிட்ட கெஞ்சற?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அவங்கம்மாவ மிதிச்சாங்க, லியோனி. அது என்னால" என்றான். அதற்குமேல் அவனோடு பேசிப் பயனில்லை.

அல்மாவிடமும் கேட்டிருக்கிறேன். அவள் வாளியைக் கீழே வைத்தாள். "எடுத்ததும் அவன், போட்டதும் அவன். நான் எதுக்குப் பதில் சொல்றது? நீயே சொல்லு" என்றாள். அவள் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

போன மாசம் ஹெப்டன் தூக்கத்திலேயே போய்விட்டான். விடிந்ததும் எனக்குச் செய்தி வந்தது. இப்போது யார் வைக்கோல் போடுகிறார்கள்? ஊரில் பாதிப் பேருக்கு அது என்னவென்றே தெரியாது. இருந்தாலும் அவனுக்குப் போடாமல் யாருக்குப் போடுவது என்று, முட்டிவலியோடு ஒரு கட்டு தூக்கிக்கொண்டு கிளம்பினேன். பக்கத்து வீட்டுக்காரிதான் போட வேண்டும். அவள் எங்கே போடப்போகிறாள் என்று முனகிக்கொண்டே போனேன்.

வைக்கோல் ஏற்கெனவே கிடந்தது. அல்மா மண்டியிட்டு நான்காவது செங்கலை வைத்துக்கொண்டிருந்தாள்.

"கணக்கு தப்பு, அல்மா. அவன் கல்யாணமே பண்ணிக்கல. ரெண்டுதான்."

"எனக்குக் கணக்கு தெரியும். நீ போ" என்றாள்.

நகராட்சியின் தெருப் பெருக்கும் லாரி, அடியில் பெரிய பிரஷ் சுழல, முனையில் திரும்பியது. ஓட்டுபவன் சின்னப் பையன், வெளியூர்க்காரன். தெருவில் குப்பை கிடக்கிறது என்று நினைத்திருப்பான். ஜன்னல் வழியே தலையை நீட்டி, "பாட்டி, ஓரமாப் போங்க, அள்ளிட்டுப் போறேன்" என்று கத்தினான்.

வணக்கம் சொன்னாளா என்று கேட்காதீர்கள். சொல்லவில்லை. எழுந்தாள். கிழிந்த காதுக்குமேல் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். தெரு நடுவில் போய் நின்று இடது கையை நேராக நீட்டினாள். பையன் ஹாரன் அடித்தான், திட்டினான், இன்னும் கொஞ்சம் முன்னால் வந்தான். அவள் கை இறங்கவில்லை. கடைசியில் அவன் வண்டியைப் பின்னுக்கு எடுத்து, இடப்பக்கச் சந்து வழியாகத் திரும்பிப் போனான்.